நீங்க இன்னும் சரி சொல்லல

அவள் கிழித்த முதல் சுவரொட்டி பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது மழையில் நன்றாக ஊறியிருந்ததால் முழுசாகவே கையோடு வந்தது. மூன்றாவதில் கை வைத்தபோதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்…

"இதையெல்லாம் ஒட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சுங்க."

திரும்பினாள். ஒரு கையில் பசை வாளி. மறு கையில் தூரிகை. நெற்றி முடியிலிருந்து சொட்டுச் சொட்டாக மழை… அந்த மழைக்கு நடுவே இமைக்காமல் அவளையே முறைக்கிற இரண்டு கண்கள். அழகான கண்கள்தாம். சண்டை போட வேண்டிய ஒருவனுக்கு இப்படிக் கண்கள் இருப்பதே அநியாயம் என்று அவளுக்குப் பட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"கிழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகல," என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தம் அது. சுவரொட்டியில் பெரிய எழுத்தில், 'ஒரு நர்ஸுக்கு முப்பத்திரண்டு படுக்கை. திங்கட்கிழமை வேலைநிறுத்தம்.' அவளும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. நிர்வாகத்துக்குக் குடை பிடிக்கிறவள் என்றான். நோயாளியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிற கூட்டம் என்றாள். அவன் பேசும்போது அவள் பேசினாள். அவள் பேசும்போது அவன் பேசினான். மழை இரண்டு பேரையும்விடச் சத்தமாகப் பேசியது. இந்த அமளியில் பஸ் வந்ததையும் கவனிக்கவில்லை, போனதையும் கவனிக்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை நாற்பது நிமிடம் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் மழையை வேடிக்கை பார்த்தார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் அவனுக்குப் பெயரும் வைத்துவிட்டாள். பசைவாளி.

அவளுக்கு வேலை ஐந்தாம் மாடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். எந்த நோயாளியின் ரத்தத்திலாவது ஆபத்தான அளவு தெரிந்தால் உடனே அந்த வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். கேட்கிறவர் எழுதிக்கொண்டு, எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்று சொன்னால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. 'சரி' இல்லாத எண்ணை நம்பி யாரும் ஊசியைத் தொடக்கூடாது.

இப்படித் திருப்பிச் சொல்கிற குரல்களில் நாலாம் வார்டின் குரல் ஒன்று உண்டு. நிதானமான குரல். வெறும் எண்களைக்கூட ஏதோ பத்திரமாக வாங்கி வைப்பதுபோலச் சொல்லும். எட்டு மாதமாக முகம் தெரியாமல் அந்தக் குரலோடு அவளுக்கு ஒரு பழக்கம். எண்ணை வேண்டுமென்றே மெதுவாகச் சொல்வாள்… அவனும் மெதுவாகத் திருப்பிச் சொல்வான் என்றுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் காலை நாலாம் வார்டுக்குப் போன் போட்டாள். "லேப். ஒரு நிமிஷம்…" என்று தாளைத் தேடினாள்.

"இந்த ஒரு நிமிஷத்தை நேத்து மழையில கேட்ட மாதிரி இருக்கே," என்றது அந்தக் குரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதமாக அவள் காத்திருந்த குரலும் பசைவாளியும் ஒரே ஆள்! ஏமாந்துபோன ஆத்திரம் உச்சி வரைக்கும் ஏறியது. "ஒன்பதாம் படுக்கை, பொட்டாசியம் ஏழு பாயிண்ட் ஒண்ணு," என்று மடமடவென்று கொட்டினாள். அவன் வாயைத் திறப்பதற்குள் ரிசீவரை அறைந்து வைத்தாள்.

மூன்று நிமிடம் கழித்துக் கதவு படாரென்று திறந்தது. கீழ்த்தளத்து வார்டிலிருந்து ஐந்து மாடியையும் படியேறியே வந்திருக்கிறான். மூச்சு வாங்குகிறது, கையில் ஒரு துண்டுத் தாள்.

"ஒன்பதாம் படுக்கை. பொட்டாசியம் ஏழு பாயிண்ட் ஒண்ணு. கேட்டேன்… ஆனா நீங்க சரி சொல்லல."

அப்போதுதான் பார்த்தாள். அறைந்து வைத்த ரிசீவர் போனில் சரியாக உட்காராமல் ஒருக்களித்துக் கிடந்தது. அவன் எத்தனை முறை திருப்பி அழைத்தானோ… கீழே ஒரு மனிதரின் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். இங்கே இவளுடைய ரோஷம் போனை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

"சரி," என்றாள். ரிசீவரை எடுத்து நேராக வைத்தாள்.

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பி ஓடினான்.

ஒன்பதாம் படுக்கைக்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று மதியம் வரை ஒவ்வொரு போனையும் வைத்த பிறகு அவள் ரிசீவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் நாலாம் வார்டுக்குப் போனாள். தவறு நடந்தால் எழுதி வைக்க அங்கே ஒரு புத்தகம் உண்டு. புரட்டினாள். காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குற்ற உணர்ச்சி போன இடம் தெரியவில்லை. பழைய கோபம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"எனக்குப் பாவம் பாக்கறீங்களா?" என்றாள் அவனிடம்.

"எழுதினா, கிழிச்சதுக்குப் பழி வாங்கிட்டான்னு சொல்லுவீங்க."

"சொல்லத்தான் செய்வேன். அதுக்காக எழுதாம இருப்பீங்களா?"

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, தன் தவற்றைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் நிச்சயம். வரட்டும். அவன் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆறிப்போன தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினான். "சர்க்கரை இல்ல. உங்களுக்குக் கோபம்தான் சரியான அளவுல இருக்கே," என்றான்.

சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று அவள் உதட்டைக் கடித்தாள். "நேத்து நான் பேசினதுல ஒண்ணையாவது காதுல வாங்கினீங்களா? எண்ணை மட்டும்தான் திருப்பிச் சொல்ல வருமா? இதைச் சொல்லுங்க, பாக்கலாம்."

அவன் முயன்றான். நிர்வாகத்துக்குப் பயந்துதான் எதிர்க்கிறாள் என்றான். தப்பு என்றாள். வம்பு வேண்டாம் என்று ஒதுங்குகிறவள் என்றான். அதுவும் தப்பு. மூன்றாம் முறை அவன் கையை விரித்து, நீங்களே மறுபடி சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றான். நிஜமாகவே துண்டுத் தாளை எடுத்தான்.

அவள் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை. எந்தக் கதவும் திறக்கவில்லை. எதிர்க் கதவில் 'இன்று வேலைநிறுத்தம்' என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையெழுத்தைத்தான்.

அவன் எழுதுவதை நிறுத்திவிட்டான். தாளைப் பார்க்காமலே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அத்தனையையும் திருப்பிச் சொன்னான். அந்த நிதானமான குரலில் அம்மாவின் சாவைக் கேட்டபோது அவளுக்குக் கண் நிறைந்தது.

"சரி," என்றாள். "இப்ப நீங்க."

போன மாதம் ஒரு பிற்பகல். முப்பத்திரண்டு படுக்கைக்கும் நர்ஸ் அவன் ஒருத்தன். வலிப்பு வந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பதினேழாம் படுக்கையிலிருந்து மணி அடித்தது. விட்டுவிட்டுப் போக முடியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிடம்.

"அப்புறம் மணி நின்னுச்சு. நின்னதும்… அப்பாடான்னு இருந்துச்சுங்க எனக்கு. போய்ப் பாத்தா அவருக்கு உயிர் இல்ல. அந்த அப்பாடாவை நெனச்சாத்தான் என் மேலயே எனக்கு ஆத்திரம் வருது."

அவள் திருப்பிச் சொன்னாள். படுக்கை எண், நிமிடம், எல்லாம். அந்த 'அப்பாடா'வையும் விடவில்லை. அதையும் சொல்லி முடித்தாள். "சரி," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு.

இதனால் யார் மனமாவது மாறியதா என்று கேட்டால், இல்லை. திங்கட்கிழமை நான் வேலைக்கு வருவேன் என்றாள் அவள். வாங்க, நான் வாசலில் நிற்பேன் என்றான் அவன். ஆனால் மறுநாளும் டீ நேரம் வந்தது. அதற்கு மறுநாளும்… சண்டை போடத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே அவள் தலையை வாரிக்கொண்டு போனாள்.

வீட்டில் அப்பா கண்டுபிடித்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மகள் முகத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் வந்தால் அவருக்குத் தெரியாமல் போகுமா? யார் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னாள். அவர் கையிலிருந்த கண்ணாடித் துணியை மேசையில் எறிந்தார். கதவைச் சாத்துகிற கூட்டத்தில் ஒருவன் இந்த வீட்டு வாசற்படி மிதித்தால் தான் வெளியே போய்விடுவதாகச் சொன்னார். அன்று முழுக்க அம்மாவின் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் உள்ளே அதே கேள்விதான் அறுத்தது. அம்மாவைக் கொன்ற காரியத்தைச் செய்யப்போகிறவன்மேல் ஆசைப்படுகிற நான் எப்படிப்பட்ட மகள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் தானாகவே வந்து நின்றான். அவள் அழைக்கவில்லை. அப்பா அவனைப் பார்க்கப் பிடிக்காமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் எதுவும் பேச வரல சார். நீங்க பேசுங்க. நான் திருப்பிச் சொல்றேன். தப்பா சொன்னா வெளிய தள்ளுங்க."

அப்பா பேசினார். பேசினாரா அது? ஆறு வருடமாகத் தேக்கி வைத்திருந்ததை அவன் தலையில் கொட்டினார். ஒவ்வொரு கதவாகத் தட்டியதைச் சொன்னார். உள்ளே ஆள் நடக்கிற சத்தம் கேட்டும் யாரும் திறக்காததைச் சொன்னார். மூன்று மணி நேரம் 'இப்ப வந்துடுவாங்க, இப்ப வந்துடுவாங்க' என்று தான் சொல்லிக்கொண்டே இருந்ததையும், அம்மா அதை நம்பியதையும் சொன்னார். கூடவே, உன் சங்கம் நாசமாகப் போக என்றும் சொன்னார்.

அவன் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னான். சங்கம் நாசமாகப் போக வேண்டும் என்பதைக்கூட முகம் மாறாமல் சொன்னான். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணை விட்டுட்டே," என்றார் அப்பா.

அவன் தயங்கினான். தெரிந்துதான் விட்டிருந்தான். "மூணு மணி நேரம் 'இப்ப வந்துடுவாங்க'ன்னு நீங்க சொல்லிட்டே இருந்தீங்க சார். அவங்க… உங்களை நம்பினாங்க."

இத்தனை வருடத்தில் அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. கண்ணாடி இல்லாத அந்தக் கண்களை அவர் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"சரி," என்றார். "சொல்லிட்டே இல்ல? கிளம்பு."

அன்று இரவுக்குள் அவன் சங்கத்தோடும் ஒரு போர் நடத்தியிருக்கிறான். வேலைநிறுத்தம் நடக்கட்டும், ஆனால் வாசலில் மேசை போட்டு, வருகிற ஒவ்வொருவரையும் நாமே பார்க்க வேண்டும், ஆபத்தான கேஸை நாமே உள்ளே கொண்டுபோக வேண்டும் என்றிருக்கிறான். இது சங்கமா, உன் மாமனார் வீட்டு விசேஷமா என்று தோழர்கள் எகிறியிருக்கிறார்கள். எதிர்த்த ஒவ்வொருவர் வாதத்தையும் தொண்டை கட்டும்வரை திருப்பிச் சொல்லியே சம்மதிக்க வைத்தானாம். இதெல்லாம் அவளுக்குப் பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. அவள் கிளம்பும்போது அப்பா இரண்டு குடைகளை நீட்டினார். "நான் இன்னும் ஒத்துக்கலைன்னு அந்தப் பசைவாளிகிட்ட சொல்லு," என்றார். "நனைஞ்சா காய்ச்சல் வரும்னும் சொல்லு."

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம், கொடி, கோஷம். நடுவே ஒரு மேசை, மேசைமேல் ஒரு போன். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். சிலர் அவளை முறைத்தார்கள், அவளும் முறைத்தாள். போகிற போக்கில் குடையை மேசைமேல் வைத்து, அப்பா சொன்ன இரண்டையும் வரி பிசகாமல் சொன்னாள். ஒருவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்த அவன் நிமிர்ந்து பார்த்தான்… அந்தப் பாழாய்ப்போன கண்கள்.

பதினொரு மணி இருக்கும். ஐந்தாம் மாடியில் போன் அடித்தது.

"லேப்? வாசல் மேசை. ஒரு ஆளை உள்ள அனுப்பியிருக்கேன், அவர் ரத்தம் அங்க டெஸ்டுக்கு வரும், அவசரம்," என்றது கட்டிப்போன தொண்டை. அவள் திருப்பிச் சொன்னாள். சரி என்றான். போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணு. எழுதிக்குங்க… எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க சொல்றதுல பாதியை என்னால ஒத்துக்க முடியாது. அந்தப் பாதியோட சேத்துத்தான் பிடிச்சிருக்கு. திருப்பிச் சொல்லுங்க."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, வைத்தாள். வந்து சேர்ந்த ரத்தத்தைப் பரிசோதித்து, எண்ணை வார்டுக்குச் சொல்லி, திருப்பிச் சொன்னதைக் கேட்டு, சரி சொன்னாள். அதன் பிறகுதான் ஓடினாள். ஐந்து மாடி. லிஃப்டை அவளும் மறந்துவிட்டாள்.

வாசலில் அவன் ஒரு லாரி டிரைவரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். போன் வைக்கப்பட்டதிலிருந்து முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அப்பாவின் குடை நோயாளியின் தலைக்குமேல் இருக்க, அவன் நனைந்துகொண்டிருந்தான்.

"உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு," என்றாள் மூச்சு வாங்க. சுற்றி நின்றவர்களின் கோஷம் அடங்கிப்போனது. "நான் சொல்றதுல பாதியை உங்களால ஒத்துக்க முடியாது. அந்தப் பாதியோட சேத்துத்தான் பிடிச்சிருக்கு… எனக்கும் அப்படித்தான். என் பக்கம் பாதி இல்ல, முக்கால். இந்த மேசை தவிர மிச்சம் எல்லாமே எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தோடதான் வருவேன்."

அவன் அவளையே பார்த்தான். கை மட்டும் பட்டையின் ரப்பர்க் குமிழை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"தம்பி," என்றார் லாரி டிரைவர், "அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க. எனக்குக் கை மரத்துப் போச்சு."

அவன் குமிழை விட்டான். காற்று புஸ்ஸென்று இறங்கியது. மழை சொட்டுகிற இமைகளை ஒருமுறை மூடித் திறந்து, எட்டு மாதமாக அவள் கேட்டுப் பழகிய அந்த நிதானமான குரலில் சொன்னான்.

"சரி."