நின்ற நாய்

குகநேசனுக்கு இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது. விடியலில் இருந்து நாய்கள் இழுக்க, பின்னால் நின்று சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவன் அவன். இப்போது நான்காவது தடவையாக முன்னே ஓடும் தலைநாய் சிலா பனிக்கட்டிமேல் குந்திவிட்டது.

கனடாவின் வடகோடி. மூன்று நாள் புயலில் விமானம் இல்லை. பனி ஸ்கூட்டரின் இயந்திரமும் இறுகிவிட்டது. உறைந்த விரிகுடாவுக்கு அக்கரையில் நாற்பதே வீடுகள். அங்கே ஒன்பது வயது ஆனிக்கு இன்சுலின் முடிந்து ஒரு நாள் கடந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஊசி ஏறாவிட்டால் பிள்ளை தங்காது. மருந்துக் குப்பிகள் வண்டியில் இருந்த தாதி யூஜினியின் உடுப்புக்குள், வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. உறைந்தால் அவை வெறும் தண்ணீர்.

குகநேசனின் சொந்தத் தலைநாய் குட்டி போட்டிருந்ததால், பக்கத்து வீட்டு பீட்டாவிடம் சிலாவை இரவல் வாங்கி வந்திருந்தான். அது முதலில் நின்றது சீல் மிருகத்தின் மணத்துக்கு. அடுத்து, தன் காலை நக்க. மூன்றாவது தடவை ஒன்றுக்குமே இல்லை.

“பஞ்சி பிடிச்ச சனியன். இது நாயில்லைத் தங்கச்சி, மாப்பிள்ளை. ஒவ்வொருக்காவும் கும்பிட்டுக் கூப்பிடோணும்.”

“அண்ணை, காதைப் பாருங்கோ. இந்த முறை வேற மாதிரி நிக்குது. கரையால சுத்திப் போவம்.”

“சுத்தினா ஒண்டரை மணித்தியாலம். ஆனிக்கு அவ்வளவு நேரம் இருக்கோ?”

யூஜினி உடுப்புக்குள் கையை விட்டுக் குப்பிகளைத் தொட்டுப் பார்த்தாள். அவன் சிலாவின் கழுத்துப்பட்டியைப் பிடித்து நாலடி இழுத்துவிட்டு, வண்டிக்குத் திரும்பி அதட்டினான். சிலா ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு ஓடியது.

இருபது அடிகூடப் போகவில்லை. பனிக்கட்டி பிளந்து சிலா உள்ளே போய்விட்டது! பின்னால் வந்த நாய்கள் நகத்தால் பிறாண்டியபடி பள்ளத்தை நோக்கிச் சறுக்கின. குகநேசன் பாய்ந்து கயிற்றை இழுத்தான், இடுப்பு முறிய இழுத்தான். வண்டியும் நகரத் தொடங்கியது. யூஜினி வயிற்றைப் பொத்திக்கொண்டாள். அவன் கத்தியை எடுத்துச் சிலாவின் கயிற்றை அறுத்தான். சிலா தண்ணீருக்குள் மறைந்தது; மற்ற நாய்கள் விளிம்பில் நின்றன.

“ஒண்டும் சொல்லாத,” என்றான், யூஜினியைப் பார்க்காமலே.

அறுந்த கயிற்றைத் தன் தோளில் மாட்டினான். வண்டியில் கிடந்த இரும்புப்பூண் போட்ட தடியால் பனிக்கட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து, தலைநாயின் இடத்தில் அவனே நடந்தான். தடியையும் காற்றையும் தன்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு கரையோரமாக ஒன்றரை மணித்தியாலம்.

வெயில் மலையைத் தொட்டபோது ஊசி ஏறியது. நெடுநேரம் கழித்து ஆனி கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள். சனம் குகநேசனின் தோளைத் தட்டியது. கயிறு அறுத்த புண்ணில் அது எரிந்தது.

சிலா எங்கே என்று பீட்டா கேட்பான். சாக்குச் சொல்ல ஆனி இருக்கிறாள், ஆனால் குகநேசன் அதைச் சொல்லப்போவதில்லை. பீட்டாவுக்கு ஒரு நாய் கொடுக்க வேண்டும். நிற்கத் தெரிந்த நாய்.