இலக்கணப் புத்தகத்தில் காணாமல் போன 'ஏ'

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சிவகாசியில் ஒரு வஞ்சம் பொறுமையாகக் காத்திருந்த கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நாலாம் வருசம். பேப்பர் கடை சம்சு பாய் ஊரார் சிக்கல்களுக்குத் துப்புத் துலக்குவார். அவர் மனைவி சித்திகா அவரைவிட ஒரு எட்டு முன்னால் நிற்பாள். அவர்களிடம் லட்சுமிகாந்தம் டீச்சர் தான் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தை விரித்துப் போட்டார்.

எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளுக்கு முன்னால் 'ஏ' வரும், உயிரொலியில் தொடங்கினால் 'ஆன்' வரும், தண்ணீருக்கும் பாலுக்கும் எதுவும் கூடாது என்றது பாடம். உதாரணங்களிலோ அவை வரவேண்டிய இடமெல்லாம் வெறுமை. புத்தகம் பள்ளிகளுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

"செஞ்சவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க பாய். அவனை இந்த ஊர்ல தலைகாட்ட விடமாட்டேன்" என்றார் டீச்சர்.

அவருக்கு, போட்டி டியூசன் நடத்தும் அய்யாதுரை மேல் சந்தேகம். புத்தகத்தை அச்சடித்த அச்சக முதலாளிக்கோ, அச்சுத் தகடான பிளேட் போடும் பலவேசம் மேல்.

அச்சகத்தில், பக்கங்களைப் படமெடுத்த பிலிம்களைப் பிளேட் அறைக்குத் தூக்கிப்போகும் செல்வக்குமார் அவற்றை எடுத்துக் கொடுத்தான். கறுப்புப் பிலிமில் எழுத்து மட்டும் கண்ணாடிபோல் தெரியும். மறைத்துவிட்டால் அச்சில் விழாது. மறைத்த இடங்களில் பழுப்புக் காகிதத் துணுக்குகள். ஓரத்தில் பசை நீலம் பாரித்திருந்தது.

பாய் எல்லாரையும் கூட்டினார். "பலவேசம்னா பிலிம்ல பூசுற சாயத்தைத் தொட்டு எழுத்தை மறைச்சிருப்பாரு, காகிதம் ஒட்ட மாட்டாரு. அய்யாதுரை சாரு இந்த அறைக்குள்ள வந்ததே இல்ல. இந்த நீலம், மயில்துத்தம் கலந்த பசை. பூச்சி திங்காம இருக்க, வெடிக்குழாய் சுத்துற வீட்லதான் இப்படிக் காய்ச்சுவாக."

சித்திகா முந்திக்கொண்டாள். "செல்வக்குமாரோட அம்மா நாரணாபுரத்துல குழாய்தான சுத்துறாக."

இவனுக்கு ஏது இங்கிலீஷ் என்று டீச்சர் சிரித்தார். பிள்ளைகள் திருத்துவதற்கென்று வேண்டுமென்றே தப்பாகப் போட்ட 'ஏ வாட்டர்' என்ற வரியைப் பாய் காட்டினார். அதில் யாரும் கை வைக்கவில்லை.

"சரியா இருந்ததை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கான். பாடம் தெரிஞ்ச கை, டீச்சர்."

செல்வக்குமார் மறுக்கவில்லை. "ஏழாவதுல ஒரே ஒரு 'ஏ' விட்டேன். 'வெடி சுத்துறவ மவனுக்கு இங்கிலீஷ் எதுக்கு'ன்னு அட்டையில எழுதிக் கழுத்துல மாட்டி, வகுப்பு வகுப்பாச் சுத்தவிட்டீக. அன்னைக்கே பள்ளிக்கூடத்தை விட்டேன். அந்தப் பாடம் மட்டும் மறக்கல."

டீச்சர் அவன் முகத்தைப் பார்க்காமல், இவனை வேலையைவிட்டு நிறுத்துங்கள் என்று முதலாளியிடம் சொன்னார்.

"நிறுத்தட்டும் டீச்சர். புத்தகத்து மேல உங்க பேரு போட்டிருக்கு. இனி அது சுத்தும், வகுப்பு வகுப்பா."

சொல்லிவிட்டு, மசி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படியொரு சொல் காதில் விழாமல் வளரட்டும், கண்ணுகளா. உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும்.