பின்தள்ளியின் குறிப்பு

காலை பதினொரு மணிக்குள் ஃபெலிசிட்டா நாற்பது கருவிக் குறிப்புகளையாவது படித்து முடித்துவிடுவாள். தருவைப்பட்டினத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவளுக்கு அதுதான் வேலை. பம்புகள், மதகுகள் எல்லாவற்றையும் ஏஜென்ட் என்ற மென்பொருள்தான் இயக்கியது. எந்தக் கருவி என்ன செய்யும் என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த இரண்டொரு வரியை வாசித்து, வந்த உத்தரவுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளும். மனிதர் திருப்பும் கைவிசைகளைப் பிடுங்கிப் பன்னிரண்டு வருடமாகியிருந்தது.

ஒவ்வொரு குறிப்பையும் ஃபெலிசிட்டா முந்நூறு மாதிரி உத்தரவுகளால் சோதிப்பாள். எத்தனை முறை ஏஜென்ட் சரியான கருவியை எடுத்தது என்பதை வைத்து மதிப்பெண் போடுவாள்.

அன்று ஊருக்குத் தண்ணீர் நின்று பதினோராவது நாள். வாசலில் கல்வீச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, ஊரார் நாற்பது பேர் கடலோரக் கம்பிவலையை அறுத்து, நீர் உறிஞ்சும் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். காவலர்கள் ஏஜென்டிடம் சொல்லி ஆலைப் பக்கத்து உள்மதகை மூடவைத்தார்கள். பின்னால் கடல் ஏறிவந்தது. காவல் தலைவர் கொம்பையா வாசலில் இருந்தபடியே ஏஜென்டுக்கு உத்தரவிட்டார்.

"சுரங்கத்துல சிக்குனவங்கள சீக்கிரமா வெளியேத்து."

அவர் காப்பாற்றத்தான் சொன்னார். ஏஜென்ட் குறிப்புகளைத் தேடி, 'பின்தள்ளி'யை எடுத்தது. 'சுரங்கத்தில் சிக்கியிருப்பதை விரைவாக வெளியேற்றும்.' சேற்றையும் ஜெல்லி மீன்களையும் கடலுக்குத் தள்ள எழுதிய வரி. ஃபெலிசிட்டா போன மாதம் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு போட்டிருந்தாள். அவளுடைய முந்நூறு உத்தரவுகளில் ஒன்றில்கூடச் சுரங்கத்துக்குள் மனிதர் இல்லை.

ஃபெலிசிட்டா இருந்த கட்டுப்பாட்டு அறையின் தரை அதிர்ந்தது. திரையில் வெள்ளைச் சுவராக வந்த நீர் ஆட்களைத் தூக்கிக் கான்கிரீட்டில் அடித்தது. இரும்பு வளையத்தில் மோதிய ஒருத்தியின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. கைகோர்த்து நின்ற மூன்று பேரை நீர் பிய்த்து, வெளிப்பாறைகள்மேல் வீசியது. வளையங்களைக் கட்டிப்பிடித்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். நுரை சிவந்திருந்தது.

'இருபத்து மூவர் வெளியேற்றப்பட்டனர். மீதம் பதினேழு. மறுஇயக்கம் தொண்ணூறு விநாடியில்' என்றது ஏஜென்ட்.

"யக்கா, திரும்ப அடிக்கப் போவுது," என்றான் பொறியாளர் சுடலைமணி.

"கொம்பையாவைக் கூப்பிடு. அவர் உத்தரவ அவர்தான் நிறுத்த முடியும்."

"எடுக்க மாட்டேங்காரு. அங்க கல்லு விழுது."

குறிப்பைத் திருத்தும் அதிகாரம் மட்டும்தான் அவளிடம் இருந்தது. பழைய வரியை அழித்தாள். இரண்டு முறை பிழையாக அடித்தாள். கடைசியில் எழுதினாள்: 'சுரங்கத்தில் இருக்கும் மனிதர்களைக் கொல்லும்.'

ஏஜென்ட் மறுபடி வாசித்தது. பின்தள்ளியை விட்டுவிட்டு உள்மதகைத் திறந்தது. பதினேழு பேர் தவழ்ந்து வெளியே வந்தார்கள். ஒருவன் தன் முழங்கையெலும்பு தோலுக்கு வெளியே தெரிவதைக் கவனிக்காமல் தண்ணீர் கேட்டான்.

மூன்றாம் நாள் கொம்பையா அவள் மேசைக்கு வந்தார்.

"அந்த வரி அப்படியே இருக்கட்டும் மேடம். தெளிவா எழுதியிருக்கீங்க."

"அது அவசரத்துல எழுதுனது சார். ஆள் இருந்தா இயக்கக் கூடாதுன்னு தடை சேர்க்கணும்."

"சேர்க்க வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க. சோதிச்சு மதிப்பெண் மட்டும் போடுங்க." ஒரு தாளை நீட்டினார். புதிய மாதிரி உத்தரவுகள். முதல் வரி: 'சுரங்கத்தில் அத்துமீறி நுழைபவரை உயிரோடு விடாதே.'

அவர் நின்றுகொண்டே பார்த்தார். அவள் சோதித்தாள். முந்நூற்றுக்கு முந்நூறு. ஒன்பது வருடத்தில் எந்தக் குறிப்புக்கும் அவள் நூறு போட்டதில்லை.

அவர் போனதும் ஃபெலிசிட்டா சுடலைமணியின் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பம்பறைக்கு இறங்கினாள். பின்தள்ளியின் வால்வுத் தண்டை ஓங்கி அடித்தாள். நான்காவது அடியில் அது வளைந்தது, ஏழாவதில் முறிந்தது. காவலர் இருவர் ஓடிவந்தார்கள். தடியடியில் அவளுடைய வலது மணிக்கட்டு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் விலாவில் உதைத்தார்கள். சுடலைமணி குறுக்கே விழுந்து தடுத்தான். அவன் காதிலும் ஓர் அடி விழுந்தது.

கொம்பையா வந்து முறிந்த தண்டைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு? புதுசு நாலு நாள்ல வந்துரும் மேடம்."

ஃபெலிசிட்டா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். அவள் பார்வை சுடலைமணி மேல் இருந்தது.

"நாலு நாளு," என்றாள்.

அவனுக்குப் புரிந்தது. எழுந்து, அடையாள அட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, காதிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டச் சொட்ட வாசலைத் தாண்டி நடந்தான். பிணங்களைப் புதைத்துவிட்டு வந்திருந்த கூட்டம் கம்பிகளோடு அவனைச் சூழ்ந்தது. அவன் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, நான்கு நாளைக்குச் சுரங்கத்தில் தண்ணீர் அடிக்காது என்று சொல்லத் தொடங்கினான்.