மூன்று புள்ளிப் பெரியப்பா

தன் பதினொரு வயதுக்குள் செய்த வேலைகளிலேயே இதுதான் சிறந்தது என்று நினைத்த சுபானி, அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். வம்பை விலைக்கு வாங்குவது என்பார்களே, அது இதுதான்.

சுபானியின் பள்ளி பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் இருக்கிறது. அங்கே ஐந்தாம் வகுப்பின் கணக்கு ஆசிரியை திருமதி பிறாண்ட் ஒரு ஐஸ் ஹொக்கிப் பைத்தியம். அதனால் அந்த மாதம் கணக்குப் பாடமும் ஐஸ் ஹொக்கியாகிவிட்டது.

"ஆளுக்கொரு கற்பனை அணி அமையுங்கள்," என்றார் அவர். "உங்களுக்குத் தெரிந்த பெரியவர்களில் ஐந்து பேரை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் நாற்பது புள்ளி வரை சம்பளம் போடலாம். ஆனால் ஐந்து பேருக்கும் சேர்த்து நூறு புள்ளிக்கு மேல் போகக் கூடாது. சம்பளத்துக்குப் பக்கத்தில் அந்த ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்."

"நூறுக்கு மேல் ஏன் போகக் கூடாது?" என்று கேட்டான் எம்ரே. அவன் சுபானிக்குப் பக்கத்தில் இருப்பவன்.

"போகலாம் என்றால் நல்ல ஆட்களாகவே வாங்கிக் குவித்துவிடுவீர்கள். பிறகு மூளைக்கு என்ன வேலை?"

இன்னொரு விதியும் இருந்தது. புதன்கிழமை முதல் வெள்ளி காலை வரை, மாணவர்கள் தங்கள் ஆட்களை ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொள்ளலாம். ஆள் தன் சம்பளத்தோடுதான் போவார். வெள்ளிக்கிழமை வகுப்பு வாக்களிக்கும். வென்ற அணியின் தாள் நத்தார்ப் பண்டிகை வரை வகுப்புக் கதவில் தொங்கும்.

சுபானி மூளைக்கு நிறைய வேலை கொடுத்தாள். பனியில் சறுக்கத் தெரிந்தவர் அவளுடைய குடும்பத்தில் ஒரே ஒருவர்தான். பெரியப்பாவின் மகன் அபிஷன். அவனுக்கு நாற்பது போட்டாள். அப்பாவுக்கு இருபத்திரண்டு. அம்மாவுக்கு இருபது. முச்சந்தியில் தமிழ்க் கடை வைத்திருக்கும் அன்ரன் மாமாவுக்குப் பதினைந்து. கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றேழு. மிச்சம் மூன்று.

மூன்று புள்ளிக்குக் கோல் காப்பாளராக யார் வருவார்?

அங்கேதான் சுபானிக்குப் பெரியப்பா இராசலிங்கம் நினைவுக்கு வந்தார். பெரியப்பா பேர்லினில் பஸ் ஓட்டுகிறார். அவர் பஸ்ஸின் முன் கதவில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. அவ்வளவு அகலம். கோலில் அவர் சும்மா நின்றாலே போதும், பந்துக்குப் பதிலாக ஐஸ் ஹொக்கியில் அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டு உள்ளே போக இடமே இருக்காது. மூன்று புள்ளிக்கு முழுக் கோலும் அடைபட்டுவிடும்!

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். ஞாயிறுதோறும் அவரும் சுபானியும் சேர்ந்து தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி பார்ப்பார்கள். இருவருக்கும் விதிகள் பாதிதான் தெரியும். சத்தம் மட்டும் முழுதாகப் போடுவார்கள்.

தண்ணீர் எடுக்கப் போன பெரியப்பா தாளைப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, சம்பளப் பட்டியலோ? அபிஷன் நாப்பது." சிரித்தார். "விமலநாதன் இருபத்திரண்டு." விமலநாதன் என்பது சுபானியின் அப்பா, அதாவது பெரியப்பாவின் தம்பி. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இராஜேஸ்வரி இருபது." அது அம்மா. "அன்ரன் பதினைஞ்சு."

பிறகு கடைசி வரிக்கு வந்தார்.

"இராசலிங்கம் மூண்டு."

அந்த வரியிலேயே விரலை வைத்தார்.

"பிள்ளை, இதிலை ஒரு சைபர் விடுபட்டுப் போச்சோ?"

"இல்லைப் பெரியப்பா, மூண்டேதான்! நல்லா இருக்கெல்லோ?" என்றாள் சுபானி. அவள் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

"நல்லா இருக்கு. இருபத்தாறு வருசமா இந்த ஊரிலை பஸ் ஓடுறன். கடை அன்ரனுக்குப் பதினைஞ்சு. எனக்கு மூண்டு."

"அண்ணை, இது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டு..." என்று அப்பா தொடங்கினார்.

"நீ கதையாதை. நீ இருபத்திரண்டு."

"அத்தான், தேத்தண்ணி ஊத்திப்போட்டன், குடிச்சிட்டு..." என்று அம்மா பெரியப்பாவிடம் சொன்னாள்.

"வேண்டாம்."

ஊற்றிவைத்த தேநீரைக் குடிக்காமல் யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் எழுந்து போகிறார் என்றால், விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். கதவு சாத்தப்பட்டது. அன்று சுபானி தனியாகவே ஆட்டம் பார்த்தாள். அவளுக்குப் பிடித்த அணி நான்கு கோல் போட்டது. அவளுக்குக் கத்தவே தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில், சின்னப்பிள்ளைகளின் விளையாட்டு என்று சொன்ன அதே அப்பாவின் வீட்டில் வேறு ஒரு ஆட்டம் தொடங்கியது.

"சுபானி, கொப்பாவுக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபது. இந்த வீட்டிலை ஆர் கூடுதலா ஓடுறது?" என்று கேட்டாள் அம்மா. ஒரு கையில் சட்டி, மறு கையில் சுபானியின் புத்தகப் பை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஆபத்து. சுபானி அம்மாவுக்கு முப்பது போட்டாள்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார். பிரச்சினை இல்லை, ஆனால் முப்பத்தொன்று போட்டால் நல்லது என்றார்.

மாலையில் அன்ரன் மாமா கடையிலிருந்து ஒரு பெட்டி பொரித்த றோல்ஸ் கொடுத்தனுப்பினார். பின்னாலேயே தொலைபேசியில் வந்தார். "றோல்ஸ் சூடாய் இருக்கோ பிள்ளை? அது சும்மா அன்பிலை அனுப்பினது. அதுசரி, அந்தப் பதினைஞ்சு என்ன மாதிரி?" அன்ரன் மாமாவுக்கு இருபத்தைந்து.

சுபானி கடைசியாகப் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பெரியப்பா, உங்களுக்கும் முப்பது போட்டிட்டன்!"

"கோவிச்ச பிறகு குடுக்கிற முப்பது எனக்கு வேண்டாம். போனை வை."

கூட்டிப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தாறு. அணியும் போயிற்று, பெரியப்பாவும் போய்விட்டார். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அம்மா கதவைத் தட்டினாள். "உள்ளுக்கை என்ன செய்யிறாய்? முப்பத்தொண்டை முப்பத்திரண்டாக்கச் சொல்லி அப்பா கேட்டவரோ? கேட்டா எனக்குச் சொல்லிப்போடு."

புதன்கிழமை வகுப்பில் ஆள்மாற்றம் நடந்தது. சுபானி பழைய நூறு புள்ளித் தாளையே மேசையில் வைத்தாள். ஐந்து பேரின் படங்களும் பக்கத்தில் இருந்தன. பெரியப்பாவின் படத்தில் அவர் சீருடையோடு பஸ் கதவில் நின்றார். கதவு தெரியவில்லை.

எம்ரே எட்டிப் பார்த்தான். பெயருக்கு நேரே இருந்த மூன்றைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"இவரா? மூன்று புள்ளியா?" அவன் குரல் கீச்சிட்டது. "எங்கே பிடித்தாய் இவரை? இவரை மூன்றுக்கு எடுத்தால் மிச்சம் தொண்ணூற்றேழையும் மற்ற நால்வருக்குக் கொடுக்கலாமே! என் மாமாவைத் தருகிறேன். துணி துவைக்கும் இயந்திரத்தைத் தனியாக மாடிக்குத் தூக்குவார்."

"முடியாது," என்றாள் சுபானி.

"என் நீச்சல் பயிற்சியாளரைத் தருகிறேன்!" என்று லீனா ஓடி வந்தாள்.

அவ்வளவுதான், மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. திருமதி பிறாண்ட் வந்து, கேட்பவர்கள் எழுதிக் கொடுங்கள் என்று மஞ்சள் துண்டுத் தாள்களை நீட்டினார். படத்தைப் பார்த்தவர், "அடேயப்பா! இவர் ஓய்வு நாளில் என் அணிக்கும் வருவாரா?" என்று கேட்டார்.

மணி அடித்தபோது சுபானியிடம் பதினான்கு மஞ்சள் துண்டுகள் இருந்தன. பதினான்கிலும் பெரியப்பாவின் பெயர்தான் இருந்தது. முப்பத்தொன்று கேட்ட அப்பாவை, தாளில் இருந்த இருபத்திரண்டுக்குக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

சுபானி அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த விளையாட்டில் நல்ல ஆள் குறைந்த சம்பளத்துக்கு வந்தால் அவர்தான் புதையல். வகுப்பில் அது எல்லோருக்கும் தெரியும். வீட்டிலோ எண்ணை மட்டும் பார்த்தார்கள், மரியாதையைத் தராசில் போட்டதாக நினைத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் பிழை என்ன? அவள் விதியைச் சொல்லவே இல்லை. பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வியாழன் பள்ளி முடிந்ததும் பெரியப்பாவின் பஸ் வரும் நிறுத்தத்தில் போய் நின்றாள். எம்ரேயும் வந்தான். "ஒரேயொரு முறை நேரில் பார்க்கிறேன்," என்றான்.

பஸ் வந்தது. கதவு திறந்தது.

"பெரியப்பா..."

பெரியப்பா நேரே பார்த்தபடி தலைக்கு மேல் இருந்த அறிவிப்பைக் காட்டினார். ஓடும்போது ஓட்டுநருடன் பேச வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது.

"பஸ் இப்ப நிக்குதுதானே?" என்றாள் சுபானி.

பெரியப்பா உடனே பஸ்ஸை எடுத்தார்.

வேறு வழியில்லை. இருவரும் கடைசி நிறுத்தம் வரை போனார்கள். எம்ரே வழி முழுக்கப் பெரியப்பாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். "படத்தைவிட அகலம்," என்று பெருமூச்சு விட்டான்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு சுபானி முன்னால் போனாள்.

"பெரியப்பா, உங்களைக் கேக்காமச் சம்பளம் போட்டது என்ர பிழை. அது மரியாதைக்குப் போட்ட இலக்கம் இல்லை. எல்லாருக்கும் சேத்து நூறுதான். குறைஞ்ச சம்பளத்துக்கு நல்ல ஆள் கிடைச்சாத்தான் ரீம் வெல்லும். இதைப் பாருங்கோ."

மஞ்சள் துண்டுகளை நீட்டினாள். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டார். ஒன்றை வாசித்தார். அடுத்ததை வாசித்தார். ஐந்தாவது துண்டில் மீசை இலேசாக அசைந்தது.

"இதெல்லாம் என்னைக் கேட்டோ?"

"ஓம்."

"கொப்பாவை எத்தினை பேர் கேட்டவை?"

"ஒருத்தரும் இல்லை."

பெரியப்பா இருமினார். அது இருமல் மாதிரித் தெரியவில்லை.

எம்ரேக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மன்னிக்கவும் ஐயா," என்று ஜெர்மன் மொழியில் குறுக்கிட்டான். "உங்களைத் தந்தால் நான் என் மாமாவையும், பக்கத்து வீட்டுத் தீயணைப்பு வீரரையும், என் அண்ணனையும் தருகிறேன். நீங்களாவது இவளிடம் சொல்லுங்கள்."

"ஒரு ஆளுக்கு மூண்டு பேரோ!" பெரியப்பா வாயைப் பிளந்தார். "நல்ல பேரமாக் கிடக்குதே. நீ என்ன சொன்னனி?"

"ஏலாது எண்டு சொன்னன்."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் போனா ஞாயிற்றுக்கிழமை நான் ஆரோட இருந்து கத்துறது?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்தார். "கொண்டா பேனையையும் அந்தத் தாளையும். இதிலை ஆகக் குறைச்சு எவ்வளவு போடலாம்?"

"ஒண்டு."

"அப்ப எனக்கு ஒண்டு போதும்." மூன்றை வெட்டி ஒன்று என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு விட்டாரா? வேலை முடிந்ததும் ஒவ்வொருவருக்காகத் தொலைபேசி எடுத்தார். "நான் ஒண்டுக்கு விளையாடுறன். நீ முப்பத்தொண்டு கேட்டியாம், உண்மையோ?"

அப்பாவின் காது சிவந்தது. "அண்ணையே ஒண்டெண்டா, தம்பி நான் என்னெண்டு கூடுதலா வாங்கிறது? எனக்கும் ஒண்டு போடு," என்று கையெழுத்துப் போட்டார். கொப்பாவைவிட நான் பேராசைக்காரியோ என்று அம்மாவும் ஒன்றுக்கு இறங்கினாள். அன்ரன் மாமா கடையைப் பூட்டிவிட்டு நேரில் வந்து கையெழுத்திட்டார். றோல்ஸை இனிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

கடைசியில், அதுவரை ஒன்றுமே அறியாத அபிஷன் மூச்சிரைக்க வந்தான். "சுபானி, அந்த நாப்பதை உடனை வெட்டு! வீட்டிலை அப்பா என்னை ஒரு மாதிரிப் பாக்கிறார்."

வெள்ளிக்கிழமை திருமதி பிறாண்ட் தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஐந்து பேர். ஐந்து கையெழுத்து. ஐந்து புள்ளி.

"இருபது வருடமாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன், இப்படி ஒரு அணியைப் பார்த்ததில்லை. மிச்சத் தொண்ணூற்றைந்தையும் என்ன செய்யப் போகிறாய்?"

"வைத்திருக்கிறேன்," என்றாள் சுபானி. "எங்கள் வீட்டில் எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது."

இது அநியாயம் என்று எம்ரே கத்தினான். கத்திக்கொண்டே முதல் ஆளாகக் கையை உயர்த்தி அவளுடைய அணிக்கு வாக்களித்தான். தாள் கதவில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் நேரம். பெரியப்பா சோபாவில் இருந்தபடி கனடாவில் இருக்கும் நண்பரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் எல்லோருக்கும் ஐஸ் ஹொக்கி தெரியுமாம், அதனால் அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். பக்கத்தில் சுபானி காலை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓமடா, என்ர தம்பியின்ர மகளின்ர ரீமிலைதான். சம்பளமோ? ஒண்டு. சிரியாதை, முழுக்கக் கேள். ஒரு பெடியன் எனக்குப் பதிலா மூண்டு பேரைத் தாறன் எண்டு நிண்டவன்." பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிள்ளை என்னைக் குடுக்க மாட்டன் எண்டிட்டாள்!"