பதினேழாம் பையில் உயிர்

வியாழக்கிழமை, காலை 8.40.

முப்பத்தொன்றாம் எண் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. பதினேழாம் எண் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் அடையடையாய் அப்பிக் கிடந்தன. ஆய்வகத்தில் மாதங்கி இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

காளவாசல் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு மாதமாய் நடக்கும் ஆய்வு. கிருமி தொற்றி இரைப்பை புண்ணாகி வீங்கிய அறுபது பேர். கிருமியைக் கொல்லும் மாத்திரை எல்லோருக்கும் உண்டு. கூடவே பாதிப் பேருக்கு நல்ல பாக்டீரியா கலந்த பொடி. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. நல்ல பாக்டீரியா சேர்ந்தால் வீக்கம் கூடுதலாய்த் தணியுமா என்பதே கேள்வி. யாருக்கு எது என்பது பொடியின் தரம் பார்க்கும் மாதங்கிக்கு மட்டுமே தெரியும். ஆளுக்கொரு எண்ணிட்ட பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து, பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்று தட்டில் வளர்த்துப் பார்ப்பாள்.

யாரோ இரண்டு பைகளின் பொட்டலங்களை மாற்றிவிட்டார்கள். ஆனால் எதில் உயிர் இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

10.15. பைகள் இருக்கும் ஃப்ரிட்ஜின் சாவி மூன்று பேரிடம் இருந்தது.

டாக்டர் சாய்ராம் முகம் சிவந்தார். "நான் ஏன் என் ஆராய்ச்சியை நானே கெடுக்கணும்?"

மருந்தாளுநர் இன்னாசிமுத்துவுக்கு வேறு குறை. "பொட்டலம் எண்ணிக்கை சரியா இருக்கு மேடம். சுத்தம்தான் இல்ல. போன மாசம் ஜன்னல்ல ரெண்டு டம்ளர் பாலை வச்சு மறந்துட்டாக. ஒன்னு தயிராக் கெட்டியா உறைஞ்சிருச்சு, ஒன்னு பாலாவே கெடக்கு. எறும்பு மொய்ச்சு, நான்தான் கழுவினேன்."

"யார் வச்சது?"

"யாரு ஒத்துக்கிருவாக?"

மூன்றாம் சாவிக்காரி நர்ஸ் பிலோமினாள் பால் விடாத கட்டன் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பதினேழாம் நம்பருக்கு எப்படியிருக்கு சிஸ்டர்?"

"இப்பத் தேவல மேடம். முன்னெல்லாம் விடிய விடியச் சுவத்துல சாஞ்சே உக்காந்திருக்கும். படுத்தா எரிச்சல் ஏறிரும்."

"முப்பத்தொன்னு?"

"சமயநல்லூர் அன்னக்கொடியம்மா. அவுகளுக்கு இன்னும் வலி இருக்குங்கிறாக."

மாதங்கி டீயைக் குடிக்காமல், நோயாளிகள் தினமும் வீட்டில் தங்கள் கைப்பட எழுதும் அட்டைகளைப் புரட்டினாள். பதினேழு, ஸ்டீவ், வயது இருபத்தாறு. முதல் நாளிலிருந்து ஒரே வரி: 'நல்ல தூக்கம்.'

மாலை 4.30. மூவரையும் உட்காரவைத்தாள்.

"எதுல உயிர் இருக்குன்னு கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். காய்ச்சி ஆறின பால் ரெண்டு டம்ளர் போதும். இதுல ஒரு பொட்டலம், அதுல ஒரு பொட்டலம். உயிருள்ளது உறை ஊத்தின மாதிரி தயிராக்கிரும். இன்னாசிமுத்து அண்ணே கழுவினது அந்த டம்ளர்களைத்தான்."

மாதங்கி பதினேழாம் எண் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஸ்டீவ் அட்டையில தினமும் நல்ல தூக்கம்னு எழுதியிருக்காரு. தூங்காம உக்காந்திருந்தது வீட்டுல கூட இருந்தவங்களுக்குத்தான் தெரியும். அன்னக்கொடியம்மாவை 'அவுக'ன்னீங்க சிஸ்டர். அவரை மட்டும் 'உக்காந்திருக்கும்'னு சொன்னீங்க. வீட்டுப் பிள்ளையை அப்படித்தான் சொல்லுவோம்."

பிலோமினாள் மறுக்கவில்லை. "எந்தம்பி மேடம். கூடப் பெறந்தவன்னு சொன்னா ஆய்வுல சேக்க மாட்டீங்கன்னு மறைச்சேன். ராத்திரி நான் பாக்குறது தெரியாம, எனக்கு மனசு கஷ்டப்படும்னு அட்டையில பொய் எழுதியிருக்கான் போல."

"மாத்திரை எல்லாருக்கும் உண்டுல்ல? அதுதானே மருந்து?" என்றாள் மாதங்கி.

"முத நாள் கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க, இந்தப் பொடி குடிச்சா புண்ணு ஆறும்னு? பாலு உறையலன்னதும், தம்பிக்கு வெறும் மாவுதான்னு தெரிஞ்சு மாத்திட்டேன்."

மாதங்கிக்கு அந்தக் கூட்டம் நினைவிருந்தது. 'ஆறலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். உற்சாகத்தில் 'ஆறும்' என்று சொல்லியிருந்தாள். தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்தான் இங்கே வந்து நிற்கிறது.

சாய்ராம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். இனி எந்தப் பையை நம்புவது? ஆய்வை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. அன்னக்கொடியிடம் போய் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதை மாதங்கியே ஏற்றுக்கொண்டாள்.

பிலோமினாள் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"தம்பிக்கு நெசமாவே கொறஞ்சிருக்கு மேடம். அது மாத்திரையாலயா, பொடியாலயா?"

"தெரியாது சிஸ்டர்," என்றாள் மாதங்கி. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் அறுபது பேரைச் சேத்தோம்."