கருத்தம்மாள் வரிசை

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி ஆய்வகத்துக்குள் நுழைந்த நாகஜோதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வாடிக் கிடக்க வேண்டிய ஆறு தட்டைப்பயறுச் செடிகளில் மூன்று, பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றன!

விண்வெளி ஆய்வு மையம் கொடுத்த வேலை அது. விண்கலத்தில் செடி வளர்க்கப் போகிறார்களாம். தண்ணீர் இல்லாமல் செடி எத்தனை நாள் தாங்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டு சொல்ல வேண்டும். ஆறு கோப்பைகளுக்குத் தினமும் தண்ணீர். மற்ற ஆறுக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. நாகஜோதி நான்கு நாளாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். நேற்று தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. அந்த ஒரு நாளில் காரியம் கெட்டுவிட்டது.

இன்னும் கால் மணி நேரத்தில் விஞ்ஞானி வஞ்சுளவல்லி வீடியோவில் வருவார். நன்றாகச் செய்த பள்ளிக்குத்தான் ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்கும் வாய்ப்பு.

"ஏட்டி, அந்த மூணையும் ஒளிச்சு வச்சிருவோம்" என்றான் ஜோயல். இராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவன். யோசனை சொல்வதில் பஸ்ஸைவிட வேகம். "ஆறும் வாடிருச்சுன்னு எழுது. யாருக்குத் தெரியப்போவுது?"

"செடிக்குத் தெரியும்லே" என்றாள் நாகஜோதி.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற கருத்தம்மாளின் முகம் சுருங்கிப்போனது. பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவர் அவர்.

"நாந்தாம்மா ஊத்துனேன். நீங்க அம்புட்டுப் பேரும் தேர் பாக்கப் போயிட்டிய. இதுக தலையத் தொங்கப்போட்டுக் கிடந்துச்சு. மனசு கேக்கலை. மத்த மூணும் கைக்கு எட்டலை, இல்லைன்னா அதுக்கும் ஊத்தியிருப்பேன்."

ஜோயல் தலையில் கைவைத்துக்கொண்டான். நாகஜோதிக்கும் முதலில் கோபம்தான் வந்தது. கருத்தம்மாளின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. கூடவே அவளுக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது.

"அக்கா, எம்புட்டு ஊத்துனிய? எத்தனை மணிக்கு?"

"ஒவ்வொண்ணுக்கும் அரை டம்ளர். காலைல எட்டு மணி."

நாகஜோதி அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். வீடியோவில் விஞ்ஞானி வந்ததும் நடந்ததை அப்படியே சொன்னாள்.

"மூணு செடி வாடியே கிடக்கு மேடம். மத்த மூணும் நாலு நாள் காய்ஞ்ச பொறவும் அரை டம்ளர் தண்ணியில பொழைச்சுக்கிச்சு."

வஞ்சுளவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விண்கலத்தில் தண்ணீர்க் குழாய் பழுதானால், எத்தனை நாளுக்குள் சரிசெய்தால் செடி பிழைக்கும்? இதை நான் கேட்கவே மறந்துவிட்டேன்" என்று சிரித்தார். "ராக்கெட் பார்க்கக் கிளம்பி வாருங்கள். கருத்தம்மாளின் பெயரையும் பட்டியலில் சேருங்கள்."

ஜோயலே முன்வந்து, அந்த மூன்று கோப்பைகளிலும் 'கருத்தம்மாள் வரிசை' என்று சீட்டு ஒட்டினான்.

"இனிமே நான் ஊத்தலாமா தாயி?"

"நீங்கதான்க்கா ஊத்தணும். மணி பாத்து இதுல எழுதிரணும்."

மறுநாள் காலை குறிப்பேட்டில் கோணல்மாணலாக ஒரு புதுக் கையெழுத்து இருந்தது: 'எட்டு மணி. அரை டம்ளர். மூணு பேரும் சௌக்கியம்.'