கடல் மணி

“சினிமாவுல மூழ்குறவங்களுக்கும் நம்ம நிஜ மணியத்தான் அடிப்பாங்களா, சாமி?” என்று சிறுமி நுன்சியா எங்கள் பங்குச் சாமியார் சவேரியோவிடம் கேட்டாள்.

எங்கள் கோயிலின் சின்ன மணி பூசைக்கு ஒலிப்பதில்லை. கடலுக்குப் போன படகு திரும்பாதபோது மட்டும்தான் ஒலிக்கும்.

“ஆமா, படக்காரங்களுக்கு அந்த மணிதான் வேணுமாம். ஒழுகுற கோயில் கூரைய அவங்க சரிபண்ணித் தர்றாங்க. பயப்படாதம்மா, பூசையிலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

பூசையில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதான். எலுமிச்சைத் தோட்டமும் நீலக் கடலுமாக இருக்கும் எங்கள் ஊரில், படமெடுக்க ஆள் வராத கோடையே கிடையாது. ஆனால் மணியை அடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

படப்பிடிப்பு நாளன்று மூழ்கியவர்களுக்காக அழும் கூட்டத்தில் ஒருத்தியாக நுன்சியா கறுப்புச் சால்வை போர்த்தி, கதாநாயகிக்குப் பக்கத்திலேயே நின்றாள். தோழிகளுக்கெல்லாம் பொறாமை.

“பஸ்குவாலே, கேமராவப் பாக்காதய்யா!” என்று உதவி இயக்குநர் லிடியா கத்தினாள்.

“நான் எங்க பாக்குறேன்? அதுதான் என்னையே பாக்குது!” என்றார் மீன்கார பஸ்குவாலே.

எல்லோரும் சிரித்தார்கள். நுன்சியாவும் சிரித்தபடி மேலே பார்த்தாள். மலைச்சரிவில் ஒரு பச்சை ஜன்னல். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அது அசுந்தா அத்தையின் வீடு. கால் உடைந்து கிடப்பதால் அத்தை பூசைக்கு வரவில்லை. அவருடைய ஒரே மகன் தொனினோ விடியற்காலையில் கடலுக்குப் போயிருக்கிறான்.

“லிடியா அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. அசுந்தா அத்தைக்கு விஷயம் தெரியாது!”

“வெளிச்சம் போயிட்டிருக்கும்மா, நிறுத்த முடியாது. நீ போனா உன் இடத்துல வேற பொண்ணுதான் நிக்கும்.”

நுன்சியா கதாநாயகியை ஒருமுறை பார்த்தாள். பிறகு சால்வையைக் கழற்றித் தோழி கிராசியெல்லாவிடம் கொடுத்துவிட்டு, படிகளில் ஓடினாள்.

அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தை, இப்ப கடல் மணி அடிக்கும். நிஜம் இல்ல, சினிமாவுக்கு! தொனினோ அண்ணன் படகு பாறை முனைக்கு அந்தப் பக்கம் நிக்குது. படம் எடுத்து முடியுற வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்காங்க. படியிலிருந்து பாத்துட்டுதான் வர்றேன்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லலியே! என் கால் உடைஞ்சா ஊருக்கு வாயும் உடைஞ்சிடுமா?” என்று அத்தை சிரிக்கப் பார்த்தார்.

மணி ஒலித்தது.

பொய் என்று தெரிந்தும் அத்தையின் கையிலிருந்து கத்தி நழுவியது.

நுன்சியாவின் அப்பா திரும்பி வராத அந்தக் குளிர்காலத்திலும் இதே மணிதான் ஒலித்தது. அன்று கரையில் அம்மா கதறியபோது, அசுந்தா அத்தைதான் நுன்சியாவை மடியில் இழுத்துப் போட்டு, அவள் காதுகளை இறுகப் பொத்தினார். இதை நுன்சியா யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவள் அத்தையின் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்தாள். சின்ன உள்ளங்கைகளால் இரண்டு காதுகளையும் பொத்தினாள். “அருள் நிறைந்த மரியே” என்று அப்பாவுக்காக முணுமுணுத்தபடி, மணியோசை முழுவதையும் தான் ஒருத்தியே கேட்டாள்.

கீழே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பச்சை ஜன்னலுக்குள் நடப்பதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

மணி ஓய்ந்த பிறகும் அவள் சிறிது நேரம் கைகளை எடுக்கவில்லை.